"விட்டுடுங்க" என்று சொன்னால் மட்டும் போதுமா? புகையிலையை விட்டொழிக்க நோயாளிக்கு உதவுவது எப்படி

புகையிலைப் பழக்கம் பற்றிப் பேச்சு வந்தால் ஆளுக்கொரு கருத்து சொல்வார்கள். "மனசு வெச்சா முடியாதா என்ன?" என்பார் ஒருவர். "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் சுருட்டு பிடிச்சாரு" என்பார் இன்னொருவர். "கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிட்டா போதும்" என்று மூன்றாவது ஆள் முடித்துவைப்பார். திண்ணைப் பேச்சில் இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். மருத்துவமனைக்குள்ளும் ஏறக்குறைய இதே பேச்சு நடப்பதுதான் கவலைக்குரியது. இரத்த அழுத்தம் என்றால் மாத்திரையின் பெயர், அளவு, அடுத்து வரவேண்டிய தேதி எல்லாம் எழுதித் தருகிறோம். பீடி என்றால் மட்டும் "விட்டுடுங்க" என்ற ஒரு சொல்லோடு ஆளை அனுப்பிவிடுகிறோம்.

அந்த ஒரு சொல்கூட எல்லோர் காதுக்கும் போவதில்லை. 2016-17இல் இந்தியா முழுவதும் நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவத்தில் புகையிலை பயன்படுத்துவது தெரிந்தது. புகைப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் விட்டுவிடும் எண்ணத்தில் இருந்தார்கள். ஆனால் முந்தைய ஓராண்டில் மருத்துவரிடமோ செவிலியரிடமோ போய்வந்த புகைப்பவர்களில் "விடுங்கள்" என்ற அறிவுரை கிடைத்தது 48.8 சதவீதம் பேருக்குத்தான். வாயில் அடக்கும் புகையிலை போடுபவர்களில் இது வெறும் 31.7 சதவீதம். விட நினைப்பவர் நம் எதிரில் வந்து உட்கார்கிறார், நாம் கேட்காமலேயே அனுப்பிவிடுகிறோம்.

புகையிலைக்கு அடிமையாவதை ஒரு நோயாகவே உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் வைத்திருக்கிறது. அந்த நோய்க்குச் சிகிச்சை இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது, மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் அதில் என்ன செய்யலாம் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். புகைப்பவருக்கும் அவர் வீட்டாருக்கும்கூட இது பயன்படும். என்ன கேட்டு வாங்கலாம் என்று தெரிந்திருப்பது நல்லதுதானே.

## பந்தியில் கூடிப்போன இலைகள்

ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது இலை போட்டிருக்கிறது, ஐம்பது பேருக்குப் பரிமாறுகிறார்கள், எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. வழக்கத்தைவிடத் தாராளமாக, அடிக்கடி பரிமாறும் ஒருவர் வந்து சேர்கிறார். சேதி பரவுகிறது, கூட்டம் கூடுகிறது, இலையும் நூறாகிறது. இனி அந்த ஆள் ஒரு வேளை வரவில்லை என்றால் என்ன ஆகும்? நூறு இலை காலியாகக் கிடக்கும், நூறு பேரும் ஒரே குரலில் சோறு கேட்பார்கள்.

நிக்கோட்டின் மூளையில் செய்வது ஏறக்குறைய இதுதான். நிக்கோட்டின் என்பது புகையிலைச் செடியிலேயே இருக்கும், அடிமைப்படுத்தும் வேதிப்பொருள். புகையை உள்ளே இழுத்ததும் அது நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து, 10 முதல் 20 விநாடிகளுக்குள் மூளைக்குப் போய்விடுகிறது. மூளைச் செல்களின் மேல் 'ஏற்பி' என்ற புரதங்கள் இருக்கின்றன. குறிப்பிட்ட வேதிப்பொருள் வந்து ஒட்டியதும் செல்லுக்குள் ஒரு வேலையைத் தொடங்கிவைப்பவை அவை. நம் பந்தியின் இலைகள் இவைதான். நிக்கோட்டின் வந்து ஒட்டினால் டோபமைன் சுரக்கிறது. "இது நன்றாக இருந்தது, மறுபடி செய்" என்று மூளைக்குக் கற்றுக்கொடுக்கும் வேதிப்பொருள் டோபமைன். மாதக்கணக்கில் இப்படியே நடந்தால் மூளையில் அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடிவிடுகிறது.

நிக்கோட்டின் உடம்பில் நிலைத்து நிற்பதும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய பாதியாகக் குறைந்துகொண்டே வரும். ராத்திரி தூங்கி எழுவதற்குள் பெரும்பகுதி போயிருக்கும். காலையில் கண் விழித்ததும் கை தலையணைக்கடியில் பீடிக்கட்டைத் தேடுவது இதனால்தான். இலைகள் எல்லாம் காலி. இதைச் சோம்பேறித்தனம் என்றோ ஒழுக்கக்கேடு என்றோ சொல்பவர்களுக்கு அந்த மூளையில் நடப்பது தெரியவில்லை.

நிக்கோட்டின் கிடைக்காதபோது வரும் தொல்லைகளுக்கு விலகல் அறிகுறிகள் என்று பெயர். எரிச்சல், பதற்றம், தூக்கம் கெடுவது, வேலையில் மனம் ஒட்டாதது, அளவுக்கு மீறிய பசி, சிலருக்கு வாய்ப்புண், பலருக்கு மலச்சிக்கல். "ஒரு பீடி இழுத்தாத்தான் டாக்டர் காலைக்கடனே முடியும்" என்று பெரியவர்கள் சொல்லும்போது சிரிக்க வேண்டாம். விட்ட புதிதில் மலச்சிக்கல் வருவது உண்மை. தண்ணீர், கீரை, பழம், தேவைப்பட்டால் சில நாளைக்கு ஒரு மருந்து என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், இதற்காகவே திரும்பிப் போகும் ஒரு கூட்டத்தைத் தடுத்துவிடலாம். இந்த அறிகுறிகள் விட்ட சில மணி நேரத்தில் தொடங்கி, முதல் சில நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும்.

"டென்ஷனைக் குறைக்கத்தான் சிகரெட்" என்ற நம்பிக்கையும் இங்கிருந்தே பிறக்கிறது. நிக்கோட்டின் குறைந்ததால் வந்த பதற்றம், அடுத்த சிகரெட்டில் அடங்குகிறது. பிடிப்பவருக்கோ வாழ்க்கையின் பதற்றமே அடங்கியதுபோல் தெரிகிறது. விட்டுச் சில வாரங்கள் கடந்தவர்களைப் பரிசோதித்த ஆய்வுகள், அவர்களுடைய பதற்றமும் மனச்சோர்வும் புகைத்த காலத்தைவிடக் குறைந்திருப்பதையே காட்டுகின்றன.

ஏற்பிகள் பாதிக் கதைதான். டீக்கடை பெஞ்ச், சாப்பாட்டுக்குப் பின், பஸ் ஏறுவதற்கு முன், ராத்திரி லாரி ஓட்டும்போது, முதலாளி திட்டிய பிறகு என்று ஒவ்வொரு சூழலோடும் புகையிலை ஆண்டுக்கணக்கில் பின்னிப்போயிருக்கும். ஆசையைக் கிளப்பும் இப்படிப்பட்ட இடம், நேரம், ஆள், மனநிலை எல்லாவற்றையும் சேர்த்துத் 'தூண்டல்' என்கிறார்கள். ஏற்பிகள் சில வாரத்தில் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பிய பிறகும் டீக்கடை பெஞ்ச் அதே இடத்தில்தான் இருக்கும்.

ஆக, புகையிலை இரண்டு கயிற்றால் கட்டுகிறது. ஒன்று நிக்கோட்டினுக்குப் பழகிய மூளை, இன்னொன்று தூண்டல்களுக்குப் பழகிய அன்றாடம். முதலாவதற்கு மருந்து, இரண்டாவதற்கு ஆலோசனை. இரண்டும் சேர்ந்தால் பலன் கூடும்.

## ஒரு நிமிடப் பேச்சுக்கு உண்மையிலேயே பலன் உண்டா?

"நாங்க சொன்னா கேக்கவா போறாங்க?" என்று பல மருத்துவர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. இதைச் சோதித்துப் பார்த்த பழைய ஆய்வு ஒன்று இருக்கிறது. மைக்கேல் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் லண்டனில் 28 பொது மருத்துவர்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களிடம் வேறு காரணங்களுக்காக வந்த 2,138 புகைப்பவர்களிடம் இதை நடத்தினார்கள். முடிவு 1979இல் வெளியானது. எதுவும் சொல்லப்படாதவர்களில் ஓராண்டு கழித்து விட்டிருந்தவர்கள் 0.3 சதவீதம். மருத்துவர் ஒன்றிரண்டு நிமிடம் அறிவுரை சொல்லி, ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்து, "மறுபடி விசாரிப்போம்" என்றும் சொன்னவர்களில் 5.1 சதவீதம்.

ஐந்து சதவீதம் சின்ன எண்ணாகத் தோன்றலாம். இதே விகிதத்தில் ஒரு மருத்துவர் ஆயிரம் பேரிடம் சொன்னால் ஐம்பது பேர் விடுவார்கள், வாயே திறக்காவிட்டால் மூன்று பேர். அதுவும் மருந்து எதுவும் இல்லாமல். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது, "மறுபடி விசாரிப்போம்" என்ற சொல்லின் பங்கு. அறிவுரை மட்டும் கேட்டவர்களில் விட்டவர்கள் 3.3 சதவீதம்தான். பிரசுரமும், தன்னை ஒருவர் திரும்பக் கேட்பார் என்ற எண்ணமும் சேர்ந்ததும் அது 5.1 ஆனது.

## ஐந்து படிகள்

உலகெங்கும் மருத்துவப் பணியாளர்களுக்குக் கற்றுத்தரும் முறையில் ஐந்து படிகள் உண்டு: கேட்பது, அறிவுறுத்துவது, நிலையை அறிவது, உதவுவது, தொடர்ந்து பார்ப்பது. ஐந்தையும் ஒருவரே ஒரே நாளில் செய்ய வேண்டும் என்றில்லை.

கேட்பதில்தான் முதல் சறுக்கல். "சிகரெட் பிடிப்பீங்களா?" என்று கேட்டால், பீடி பிடிப்பவர் "இல்லை" என்பார். அவரைப் பொறுத்தவரை அது உண்மையான பதில். ஹான்ஸ் அடக்குபவரும் இல்லை என்பார். பாட்டியிடம் யாரும் கேட்பதே இல்லை. இந்தியப் பெண்களில் புகைப்பவர்கள் 2 சதவீதம்தான், வாயில் போடுபவர்கள் 12.8 சதவீதம் என்கிறது மேலே சொன்ன கணக்கெடுப்பு. அதனால் "பீடி, சிகரெட், சுருட்டு, புகையிலை, குட்கா, ஹான்ஸ், இதுல எதாவது பழக்கம் உண்டா?" என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். "பாட்டி, வெத்தலையோட புகையிலையும் சேர்த்துப் போடுவீங்களா?" என்று செவிலியர் சாதாரணமாகக் கேட்டால் பாட்டி மறைக்க மாட்டார். எடை, இரத்த அழுத்தம் எழுதும் இடத்திலேயே இதற்கும் ஒரு கட்டம் இருந்தால் கேட்க மறக்காது.

அறிவுறுத்துவது என்றால் மிரட்டுவது இல்லை. "இப்படியே போனா செத்துடுவ" என்பதை அவர் சிகரெட் அட்டையிலேயே பார்த்துவிட்டார். 2016 ஏப்ரலிலிருந்து அட்டையின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. மருத்துவர் அதையே திரும்பச் சொல்லிப் பயன் இல்லை. அவர் எதற்காக வந்திருக்கிறாரோ அதோடு புகையிலையை இணைத்துச் சொல்வதுதான் மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய காரியம்.

"ஐயா, உங்க கால் புண் ஆறாததுக்குச் சர்க்கரை ஒரு காரணம். பீடி இன்னொரு காரணம். பீடி, காலுக்குப் போற ரத்தக் குழாயைச் சுருக்குது. பீடியை நிறுத்தினா இந்தப் புண் ஆற வாய்ப்பு அதிகம். நிறுத்துறதுக்கு நான் உதவி பண்றேன்."

தெளிவாக இருக்கிறது, அவர் உடம்பைப் பற்றியதாக இருக்கிறது, உதவியையும் முன்வைக்கிறது. கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் முன்னால் சொன்ன அத்தனையும் வெறும் குற்றச்சாட்டாகத்தான் அவர் காதில் விழும்.

நிலையை அறிவதில் இரண்டு கேள்வி போதும். "விடலாம்னு நினைக்கிறீங்களா?" என்பது ஒன்று. "காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் பீடி?" என்பது மற்றொன்று. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் கார்ல் ஃபாகர்ஸ்ட்ராம் வகுத்த கேள்வித்தாளில் இந்த இரண்டாவது கேள்விக்கு முக்கியமான இடம் உண்டு. எழுந்த அரை மணி நேரத்துக்குள் பற்றவைப்பவர் ஆழமாகக் கட்டுண்டவர். அவரிடம் "மனசை உறுதியா வெச்சுக்குங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவது அநியாயம். மருந்தும் கொடுக்க வேண்டும்.

உதவும் படியில் முதலில் ஒரு தேதி குறிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் இருக்கட்டும். அதைவிடத் தள்ளினால் வேகம் குறைந்துவிடும். அமாவாசை, பிறந்தநாள், பேரன் காதுகுத்து, எது அவருக்குப் பொருத்தமோ அது. தேதிக்கு முன்னால் வீட்டிலும் சட்டைப்பையிலும் இருக்கும் பீடி, தீப்பெட்டி, லைட்டர் எல்லாம் வெளியேற வேண்டும். வீட்டாரிடமும் டீக்கடை நண்பர்களிடமும் சொல்லிவைக்க வேண்டும். அப்புறம் தூண்டல்களை ஒவ்வொன்றாக எடுத்து, அந்த நேரத்தில் என்ன செய்வார் என்று அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். ஒரு தடவை கிளம்பும் ஆசை பொதுவாகச் சில நிமிடத்தில் தானாகவே தணியும். அந்தச் சில நிமிடத்தைக் கடத்த தண்ணீர் குடிப்பது, இடத்தை விட்டு எழுந்து நடப்பது, யாருக்காவது போன் போடுவது, ஏலக்காயோ சோம்போ வாயில் போடுவது என எது அவருக்குக் கைகொடுக்குமோ அதைச் செய்யலாம்.

காபி பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். புகையில் உள்ள சில பொருள்கள், காபியின் கஃபீனைக் கல்லீரல் வேகமாக வெளியேற்றும்படி செய்கின்றன. புகைப்பதை நிறுத்தியதும் அந்த வேகம் குறையும். அதே நான்கு டம்ளர் காபி இப்போது அதிகம் உறைக்கும், படபடப்பு வரும், தூக்கம் கெடும். பழக்கத்தை விட்டதால் வந்த கோளாறு என்று அவர் நினைத்துக்கொள்வார். முதல் சில வாரம் காபியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். மனநோய்க்கான சில மருந்துகளும் இதே வழியில்தான் வெளியேறுகின்றன. அவற்றைச் சாப்பிடுபவர் புகைப்பதை நிறுத்தும்போது மருந்தின் அளவை மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும்.

## "இப்போ முடியாது டாக்டர்"

இப்படிச் சொல்பவரிடம் வாதாடினால், அவர் புகையிலைக்கு வக்கீலாக மாறிவிடுவார். அவரே தனக்குக் காரணம் சொல்லிக்கொள்ளும்படி கேள்வி கேட்பது நல்லது. "பீடியில உங்களுக்குப் பிடிச்சது என்ன?" என்று முதலில் கேளுங்கள். சொல்லி முடிக்கட்டும். பிறகு, "பிடிக்காதது எதாவது இருக்கா?" இருமல், செலவு, பேத்தி பக்கத்தில் வர மறுப்பது என்று ஏதோ ஒன்று வரும். அதைப் பிடித்துக்கொண்டு பேசலாம். இதை ஊக்க உரையாடல் என்பார்கள். ஒரே சந்திப்பில் மனம் மாறாவிட்டாலும் பாதகமில்லை, அடுத்த முறை திரும்பக் கேட்கலாம்.

"இத்தனை வருஷம் ஆச்சு, இனிமே விட்டு என்ன?" என்று கேட்கும் அறுபது வயதுக்காரருக்குச் சொல்ல உறுதியான பதில் உண்டு. பிரிட்டனில் 1951இல் தொடங்கி ஐம்பது ஆண்டு, 34,000க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களையே பின்தொடர்ந்த ஆய்வு அது. தொடர்ந்து புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு அதில் சுமார் 3 ஆண்டு திரும்பக் கிடைத்தது. 50இல் விட்டவர்களுக்கு 6, 40இல் விட்டவர்களுக்கு 9, 30இல் விட்டவர்களுக்கு ஏறக்குறைய பத்தும்.

"குறைச்சுட்டேன், ஒரு நாளைக்கு ஒண்ணுதான்" என்பவரையும் பாராட்டிவிட்டு மேலே தள்ளத்தான் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடித்தாலும், இருபது பிடிப்பவருக்கு மாரடைப்பு அபாயம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதியளவு கூடுகிறது. இருபதை ஒன்றாக்கினால் ஆபத்தும் இருபதில் ஒரு பங்காகும் என்ற கணக்கு இதயத்துக்குப் பொருந்தாது.

## மருந்துகள் என்ன செய்கின்றன

இங்கேதான் தவறான எண்ணங்கள் மிக அதிகம். "நிக்கோட்டின்தானே விஷம், அதையே சூயிங்கமில் வைத்துக் கொடுப்பது என்ன நியாயம்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். அடிமைப்படுத்துவது நிக்கோட்டின், கொல்வது பெரும்பாலும் புகையும் தாரும் கார்பன் மோனாக்சைடும் புகையிலையில் உள்ள புற்றுநோய்ப் பொருள்களும். தூய நிக்கோட்டினை மட்டும், சிகரெட்டைவிடக் குறைவாகவும் மெதுவாகவும், சில வாரம் கொடுத்துப் படிப்படியாக நிறுத்துவதற்கு நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சை என்று பெயர். பந்திக்கு மறுபடி போனால், நூறு பேரும் கத்தாமல் இருக்குமளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறிக்கொண்டே, இலைகளை மெல்ல எடுத்துவிடுவதுதான் இது.

நிக்கோட்டின் சூயிங்கம் பிறந்த கதை சுவையானது. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் புகைக்க முடியாத ஸ்வீடன் மாலுமிகள், வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறிக்கொண்டு சமாளிப்பதை லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்தார்கள். மூளை கேட்பது புகையை அல்ல, நிக்கோட்டினைத்தான் என்பதற்கு அது நல்ல சாட்சி. 1967இல் அதைக் கடிதமாக எழுதி ஓவே ஃபெர்னோ என்ற வேதியியலாளருக்குத் தெரிவித்தார்கள். அவர் முயற்சியில் உருவான சூயிங்கம் 1978இல் சுவிட்சர்லாந்தில் முதலில் அனுமதி பெற்றது.

நம் ஊரில் அதை வாங்குபவர்களில் பலர் சாதாரண சூயிங்கம்போல் மென்று தள்ளுகிறார்கள். நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும் வருகிறது. "இது வேலைக்காகாது" என்று தூக்கிப்போடுகிறார்கள். மருந்தாளுநர் அரை நிமிடம் செலவழித்தால் இதைத் தடுத்துவிடலாம். மெதுவாக மெல்ல வேண்டும். சுருக்கென்று காரம் தெரிந்ததும் மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மென்று, வேறு பக்கம் ஒதுக்க வேண்டும். இப்படி அரை மணி நேரம். வாயின் உட்தோல் வழியாகத்தான் அது உள்ளே போக வேண்டும். காபி, பழச்சாறு, சோடா போன்ற புளிப்புத்தன்மை உள்ளவை அதைத் தடுக்கும். அதனால் மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே அவை கூடாது. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம் என்பது பொதுவான கணக்கு.

தோலில் ஒட்டும் பட்டை இன்னொரு வடிவம். அது நாள் முழுக்கச் சீராக நிக்கோட்டினைக் கொடுத்துக்கொண்டிருக்கும். பட்டை அடித்தளமாக இருக்க, திடீரென்று ஆசை கிளம்பும் நேரத்துக்குச் சூயிங்கமும் சேர்த்துத் தருவது, ஒன்றை மட்டும் தருவதைவிட நல்ல பலன் தருகிறது. பயத்தில் குறைவாகப் போடுவதும் சீக்கிரம் நிறுத்திவிடுவதும்தான் இதில் நடக்கும் பெரிய தவறு.

வரெனிக்ளின் வேறு வகை மாத்திரை. அதில் நிக்கோட்டின் கிடையாது. நிக்கோட்டினுக்கான அதே ஏற்பியில் இது போய் உட்கார்ந்து, பாதியளவுக்குத் தூண்டிவிடுகிறது. இலையில் ஏற்கெனவே ஒருவர் அரை வயிறு சாப்பிட்டபடி உட்கார்ந்திருக்கிறார். பசியும் பெரிதாக இல்லை, புதிதாக வரும் சிகரெட்டின் நிக்கோட்டினுக்கு இடமும் இல்லை. அதனால் ஆசை குறைகிறது, மீறிப் பிடித்தாலும் பழைய சுகம் கிடைப்பதில்லை. விடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, வழக்கமாக 12 வாரம் கொடுப்பார்கள். குமட்டலும் விசித்திரமான கனவுகளும் வரலாம். இது மனநிலையைக் கெடுக்கும் என்ற அச்சம் ஒரு காலத்தில் பெரிதாக இருந்தது. 16 நாடுகளில் 8,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வு, அப்படிக் குறிப்பிடத்தக்க அபாயம் கூடவில்லை என்று காட்டியது. மனநோய் முன்பு இருந்தவர்களும் அப்போது இருந்தவர்களும் அதில் பாதி அளவுக்குப் பங்கேற்றிருந்தார்கள்.

மனச்சோர்வுக்குத் தரும் புப்ரோபியான் மாத்திரையும் உதவும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது கூடாது. கிழக்கு ஐரோப்பாவில் 1960களிலிருந்து புழக்கத்தில் உள்ள சைட்டிசின் என்ற தாவர மருந்தையும் உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட முதல் சிகிச்சை வழிகாட்டுதலில் சேர்த்திருக்கிறது. எது யாருக்கு, எந்த அளவில் என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு முதலில் ஆலோசனைதான்.

சுருக்கமாகச் சொன்னால், மருந்து புகையிலைமீது வெறுப்பை உண்டாக்குவதில்லை. மூளையின் கூச்சலைச் சில வாரம் அடக்கிவைக்கிறது. அந்த அமைதியில் புதிய அன்றாடத்தைப் பழகிக்கொள்ளும் வேலை நோயாளியுடையது, கூட நிற்கும் வேலை நம்முடையது.

## வாயில் அடக்கும் புகையிலை

இதற்கென்று நடந்த ஆய்வுகள் குறைவு. ஆனால் ஆலோசனைக்கு நல்ல பலன் இருப்பது தெரிந்திருக்கிறது. வரெனிக்ளினையும் நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சையையும் இவர்களுக்கும் தரலாம் என்கிறது அந்த 2024 வழிகாட்டுதல். முன்வரிசையில் நிற்க வேண்டியவர்கள் பல் மருத்துவர்கள். பல் வலி என்று வந்தவரின் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால், கையில் கண்ணாடியைக் கொடுத்து அவருக்கே காட்டலாம். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்கச் சொல்லலாம். நுழையவில்லை என்றால் வாய் இறுகத் தொடங்கிவிட்டது. எத்தனை நேரம் பேசினாலும் வராத விழிப்பு, அந்த ஒரு கணத்தில் சிலருக்கு வந்துவிடும்.

"புகையிலையை விட்டுட்டேன், வெறும் பாக்குதான்" என்பவரையும் கவனிக்க வேண்டும். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்திருக்கிறது. வாய் இறுகும் நோய்க்கு முதல் காரணமும் பாக்குதான். அதனால் மாற்றாக எதையாவது மெல்ல வேண்டும் என்றால் பாக்கு கலக்காததாக இருக்கட்டும். நெல்லிக்காய் வற்றல், சோம்பு, கிராம்பு எனப் பல இருக்கின்றன.

## எந்த நேரத்தில் சொன்னால் ஏறும்?

மாரடைப்பு வந்து பிழைத்தவர், அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியவர், மனைவி கருவுற்றிருப்பவர் எல்லாம் மற்ற நாளில் கேட்காததை அன்று கேட்பார்கள். அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பு நிறுத்தினால் காயம் ஆறுவதிலும் நுரையீரல் சிக்கல்களிலும் நல்ல வித்தியாசம் தெரியும்.

தமிழ்நாட்டில் காசநோயை இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். இங்கே இறந்த 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2003இல் வெளியானது. புகைத்தவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. காசநோய் சிகிச்சை குறைந்தது ஆறு மாதம் ஓடுகிறது. அத்தனை மாதம் ஒரே நோயாளியை ஒரே பணியாளர் திரும்பத் திரும்பப் பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்? ஒவ்வொரு முறையும் "பீடி எப்படி இருக்கு?" என்று கேட்பதற்கு மாத்திரைச் செலவுகூட இல்லை.

## சறுக்கினால் என்ன செய்வது

முதல் முயற்சியிலேயே விட்டுவிடுபவர்கள் குறைவு. பலருக்குப் பல முயற்சி தேவைப்படுகிறது. எந்த உதவியும் இல்லாமல் விடுபவர்களில் ஆறு மாதமோ ஓராண்டோ தாண்டி நிற்பவர்கள் 3 முதல் 5 சதவீதம்தான். பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே சறுக்குகிறார்கள். எனவே விட்ட தேதியிலிருந்து ஒரு வாரத்துக்குள் முதல் விசாரிப்பு நடக்க வேண்டும், அடுத்தது ஒரு மாதத்துக்குள். நேரில் முடியாவிட்டால் போன் போதும்.

கல்யாண வீட்டில் ஒன்று பிடித்துவிட்டதாக அவர் சொன்னால் முகத்தைச் சுளிக்க வேண்டாம். சுளித்தால் அடுத்த முறை பொய் சொல்வார், அல்லது வரவே மாட்டார். எங்கே, யாரோடு, எந்த மனநிலையில் என்று கேட்டால், போன தடவை விட்டுப்போன தூண்டல் எது என்று தெரிந்துவிடும். மருந்தின் அளவு போதவில்லையா என்றும் பார்க்கலாம். இன்னொரு தேதி குறிக்கலாம்.

## நேரம் இல்லாதபோது

ஒரு காலையில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவரிடம் இத்தனையும் செய் என்று சொல்வது நியாயமில்லைதான். அவருக்குக் கேட்பது, ஒரு வாக்கியம் அறிவுறுத்துவது, பொறுப்பானவரிடம் அனுப்புவது என்ற மூன்று போதும். அரை நிமிட வேலை. மீதியைச் செவிலியரும் ஆலோசகரும் பார்த்துக்கொள்ளலாம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வரும், தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள், கூடவே புகையிலையையும் விசாரிக்கலாம். 2002இல் இந்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் தொடங்கிய 13 புகையிலை நிறுத்த மையங்களில் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் ஒன்று.

பக்கத்தில் மையம் இல்லாத ஊர்களுக்குத் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் இருக்கிறது: 1800-11-2356. கட்டணம் கிடையாது. 2018இலிருந்து சிகரெட், பீடி, புகையிலைப் பொட்டலங்களின் மேலேயே இந்த எண் அச்சாகிறது. பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார், தேதி குறிக்க உதவுவார், பிறகு அவர்களே திரும்ப அழைத்து விசாரிப்பார்கள். எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினால் பலர் அழைப்பதில்லை. யாரோ தெரியாதவரிடம் தன் பழக்கத்தைப் பற்றிப் பேச ஒரு கூச்சம் இருக்கும். நோயாளி உங்கள் எதிரில் இருக்கும்போதே, அவர் போனிலிருந்தே அழைத்து, "இவர் பீடியை விடணும்னு வந்திருக்கார்" என்று முதல் வாக்கியத்தை நீங்கள் பேசிவிட்டு, போனை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.